பேத்தி படிக்கும் மந்திரப் புத்தகம்

நமது சங்க நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் நண்பர், "இந்த இதழுக்கு நீங்கள் படித்த நல்ல புத்தகம் ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள் சார்" என்று கேட்டார். கல்கியைப் பற்றியோ ஜெயகாந்தனைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப்போவது ஜப்பானியப் படக்கதைத் தொடர் ஒன்றைப் பற்றி. அதுவும் சிறுவர் சிறுமியர் மந்திரம் கற்றுக்கொள்ளும் கதை. அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கே நாக்பூரில்தான். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். சென்ற ஆண்டு கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் அவள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசி நான்கு தாள்களிலும் ஒரே வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் ஏதேதோ அம்புகள், கொக்கிகள். "படிக்கிற நேரத்தில் கிறுக்கிக்கொண்டு இருக்கிறாயா?" என்று சத்தம் போட்டேன். போட்டதோடு நிற்காமல் அந்தத் தாள்களைக் கிழித்துக் குப்பைக் கூடையில் எறிந்தும்விட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. நான்கைந்து நாள் "தாத்தா" என்ற சொல்லே வீட்டில் காதில் விழவில்லை.

பிறகு ஒருநாள் அவள் மேஜையில் அந்த நான்கு தாள்களும் செலோ டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் மையப்புள்ளி குறிக்கப்பட்டிருந்தது. மையத்திலிருந்து மெல்லிய பென்சில் கோடுகள் சம கோணத்தில் பிரிந்து போயின. முதல் தாளில் கோணியிருந்த வட்டம் நான்காவது தாளில் ஒழுங்காகியிருந்தது. கிறுக்கலில் மையப்புள்ளி இருக்காது. டிப்ளமா படிக்கும்போது வாரத்துக்கு இரண்டு நாள் டிராயிங் ஹாலில் நின்று கால் கடுத்தவன் நான். இது தெரிந்திருக்க வேண்டியது எனக்குத்தான்.

தாள்களுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அதைத்தான் இங்கே பரிந்துரைக்கிறேன்.

என்ன புத்தகம்?

ஜப்பானியர்கள் தங்கள் படக்கதைகளை 'மங்கா' என்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். அங்கே மங்கா என்பது சிறுவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அலுவலகம் போகிறவர்களும் ரயிலில் படிக்கிறார்கள். முதலில் மாத, வார இதழ்களில் அத்தியாயம் அத்தியாயமாக வரும். பிறகு தொகுதியாகப் புத்தகமாகும். நாம் ஆனந்த விகடனிலும் கல்கியிலும் தொடர்கதை படித்து, பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்துக்கொண்டோமே, அதே வழக்கம்தான்.

இந்தத் தொடரின் ஜப்பானியப் பெயர் 'டொங்காரி போஷி நோ அட்டொரியே'. 'கூர்முனைத் தொப்பியின் பட்டறை' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பதிப்பு 'விட்ச் ஹாட் அட்டெலியர்' என்ற பெயரில் கிடைக்கிறது. எழுதி வரைபவர் கமோமே ஷிராஹாமா என்ற பெண்மணி. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்தவர். அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்களுக்கு அட்டைப்படங்களும் வரைந்திருக்கிறார். கோடான்ஷா நிறுவனத்தின் 'மார்னிங் டூ' மாத இதழில் 2016 ஜூலையில் இந்தத் தொடரை ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் முதல் தொகுதி 2019-இல் வந்தது. 2020-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருது, ஹார்வி விருது ஆகிய இரண்டும் இதற்குக் கிடைத்தன. படக்கதை உலகில் இவை பெரிய விருதுகள்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. ஆங்கிலப் பதிப்பிலும் இந்தப் புத்தகத்தை உருது நூலைப் போல வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டை எதுவோ அதுதான் அதற்கு முன்னட்டை. ஒரு பக்கத்தில் மேலே வலது மூலையில் உள்ள கட்டத்தில் தொடங்கி இடது பக்கமாக நகர்ந்து, பிறகு கீழே இறங்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் நாள் இரவு முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் பதினைந்து பக்கம் படித்துவிட்டு, "ஒன்றும் புரியவில்லையே, இதற்கா விருது கொடுத்தார்கள்?" என்று மூடி வைத்துவிட்டேன்.

கதை

கோகோ ஒரு சின்ன ஊரில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாவுடன் வாழும் சிறுமி. அப்பா இல்லை. துணியை நேராக வெட்டுவதில் கெட்டிக்காரி. மந்திரவாதியாக வேண்டும் என்று அவளுக்குச் சிறு வயது முதலே ஆசை. ஆனால் மந்திரசக்தி பிறவியிலேயே வர வேண்டும், மற்றவர்களுக்கு வராது என்று அந்த உலகத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். கோகோவும் நம்புகிறாள்.

ஒருநாள் கிஃப்ரி என்ற மந்திரவாதி அவள் கடைக்கு வருகிறார். வந்த இடத்தில் பறக்கும் வண்டி ஒன்று பழுதாகிவிடுகிறது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அதைச் சரிசெய்கிறார். கோகோ எட்டிப் பார்க்கிறாள். அவர் மந்திரம் எதையும் உச்சரிக்கவில்லை, கோலை ஆட்டவும் இல்லை. மை தொட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் ரகசியம். மந்திரம் என்பது வரைவது. சரியான மையும் சரியான வடிவமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அவளிடம் ஒரு பழைய படப்புத்தகமும் பேனாவும் மையும் இருக்கின்றன. சின்னக் குழந்தையாக இருந்தபோது, முகமூடி அணிந்த ஒருவரிடமிருந்து கிடைத்தவை. அன்று இரவு அந்தப் புத்தகத்தில் உள்ள வடிவங்களை ஒவ்வொன்றாக ஒற்றி வரைகிறாள். முதலில் நீர் வருகிறது, ஒளி வருகிறது. மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த வடிவம் என்ன செய்யும் என்று தெரியாமலே அதையும் வரைகிறாள். வீடும் வீட்டிலிருந்த அம்மாவும் கல்லாகிவிடுகிறார்கள். கிஃப்ரியால் கோகோவை மட்டும்தான் காப்பாற்ற முடிகிறது.

ரகசியம் தெரிந்த வெளியாளின் நினைவை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கிஃப்ரி அப்படிச் செய்யாமல் அவளைத் தன் மாணவியாக்கிக்கொள்கிறார். அதில் அவருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. அதை நான் சொல்லப்போவதில்லை. அவருடைய பட்டறையில் ஏற்கெனவே மூன்று சிறுமிகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகாட் பெரிய மந்திரவாதிக் குடும்பத்துப் பெண், கண்டிப்பானவள். வெளியிலிருந்து வந்த கோகோவை அவளுக்கு முதலில் பிடிப்பதில்லை. டெட்டியா சிரித்த முகம். பிறர் வாயால் "நன்றி" என்று கேட்பதில் அவளுக்கு ஆனந்தம். ரிச்சே தனக்கென்று சொந்தமாக ஒரு வழி வேண்டும், பிறர் போட்ட வடிவத்தைத் திருப்பிப் போடமாட்டேன் என்று அடம்பிடிப்பவள். நம் வீடுகளிலும் இந்த நான்கு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அம்மாவை மீட்கும் வழியைத் தேடித்தான் கோகோ படிக்கிறாள். அவள் செய்த தவறு மன்னிக்கப்படுகிறது, ஆனால் மறக்கப்படுவதில்லை. "குழந்தைதானே, தெரியாமல் செய்தாள்" என்று ஆசிரியர் தள்ளிவிடவில்லை. அதற்காக அவளை அடித்து நொறுக்கவும் இல்லை. என்ன செய்தேன் என்று புரிந்துகொள்வதற்காகவே அவள் கற்கிறாள். தவறு செய்த பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று இந்த வயதில் ஒரு படக்கதையிடம் நான் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

மந்திரம் வேலை செய்யும் விதம்

ரயில்வேயில் 1981-இல் பயிற்சியாளனாகச் சேர்ந்து, 2019-இல் ஓய்வு பெறும்வரை சிக்னல் பிரிவில் இருந்தேன். அதனால்தானோ என்னவோ, கதையைவிட முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த மந்திரத்தின் பொறியியல்தான்.

ஒரு மந்திர வடிவத்துக்கு மூன்று பாகங்கள். நடுவில் ஒரு முத்திரை: நெருப்பா, நீரா, காற்றா, ஒளியா என்பதை அது சொல்கிறது. அதைச் சுற்றிச் சில குறிகள்: எந்தத் திசையில், எந்த உருவில், எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வட்டம். வட்டம் முழுமையாக மூடிய அந்தக் கணத்தில்தான் மந்திரம் வேலை செய்யத் தொடங்குகிறது. சிறிது இடைவெளி இருந்தாலும் அது வெறும் படம். வட்டம் எங்காவது அறுந்தால் மந்திரம் நின்றுவிடும். பெரிதாக வரைந்தால் பெரிய விளைவு. கோணலாக வரைந்தால் கோணலான விளைவு.

சிக்னல் வேலை பார்த்தவனுக்கு இது மந்திரமாகவே தெரியவில்லை, மின்சுற்றாகத் தெரிந்தது. சுற்று மூடினால் மின்சாரம் ஓடும், அறுந்தால் நிற்கும். ரயில் பாதையிலும் நாங்கள் இப்படித்தான் ஒரு சுற்றை ஓடவிடுகிறோம். இரண்டு தண்டவாளங்கள் வழியே சிறு மின்சாரம் போய் மறுமுனையில் உள்ள ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும், மின்சாரம் அந்த வழியாகவே திரும்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். தண்டவாளமே உடைந்து சுற்று அறுந்தாலும் ரிலே விழும், சிவப்புதான். எது கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கம் கெட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

கதையில் பறக்கும் காலணி ஒன்று வருகிறது. ஒரே வடிவத்தில் பாதி ஒரு காலணியிலும் மறுபாதி இன்னொரு காலணியிலும் இருக்கும். இரண்டு காலையும் சேர்த்தால் வட்டம் மூடும், ஆள் பறப்பார். காலை அகற்றினால் வட்டம் பிரியும். இதைப் படித்ததும், "அடேயப்பா, இது காலில் கட்டிய சுவிட்ச்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான்கைந்து நாள் பேசாமல் இருந்த பேத்தி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தாத்தா, நீங்க அதையா படிக்கிறீங்க?" என்றாள். அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினோம். வட்டங்களின் முழு விளக்கமும் எனக்குக் கிடைத்தது. தாளைக் கிழித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லை, ஒட்டிட்டேன்" என்றாள்.

அன்றைக்கு எங்களுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. வட்டம் வரையும் கருவிக்குத் தமிழில் கவராயம் என்று பெயர் என்றேன். அவளுக்கு அந்தச் சொல்லே புதிது. வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆரம், விட்டம், பரிதி, கோணமானி, மூலைமட்டம் என்று நான் பள்ளியில் படித்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தமிழ் கற்றுக்கொள் என்று அவளை எத்தனையோ முறை உட்கார வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஒட்டாத சொற்கள், அவளுக்குத் தேவைப்பட்டபோது ஒட்டிக்கொண்டன. இப்போது தன் வடிவங்களின் பக்கத்தில் தமிழில்தான் குறிப்பு எழுதுகிறாள். எழுத்துப் பிழைகள் உண்டு. நான் உடனே திருத்துவதில்லை.

என்னுடைய பழைய டிராயிங் பெட்டியைத் தேடி எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். இங்க் பேனா பொருத்திய கவராயத்தின் மூட்டு துருப்பிடித்து அசையவில்லை. அவள் தன் கம்பாஸே போதும் என்று சொல்லிவிட்டாள். ஆனால் டிரேசிங் தாளில் இந்தியன் இங்க் கோடு பிசகினால், அரை பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேற்பரப்பை மட்டும் சுரண்டி எடுக்கும் வித்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சண்டை வந்த இடம்

மந்திரம் யாராலும் வரையக்கூடியது என்றால், அதை ஏன் மறைக்கிறார்கள்? கதையின் நடு நரம்பு இதுதான். முற்காலத்தில் எல்லோரும் மந்திரம் செய்தார்கள். போர்களுக்கும் மனித உடலைச் சிதைப்பதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். உலகம் நாசமாகும் நிலை வந்தபோது ஒரு சிலர் கூடி உடன்படிக்கை செய்து, மற்றவர்களின் நினைவிலிருந்து அந்த அறிவை அழித்தார்கள். உடலின்மீது மந்திரம் செய்வதை முற்றிலும் தடை செய்தார்கள். அதனால் நோயைத் தீர்க்கவும் மந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணெதிரே ஒரு சிறுவன் காயப்பட்டுக் கிடந்தாலும் கூடாது. இந்தத் தடையை மீறுகிறவர்கள்தான் அகலத் தொப்பிக்காரர்கள். அவர்கள் பொல்லாதவர்கள், ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

விதி இருக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ரயில்வே விதிப் புத்தகத்தில் எத்தனையோ வரிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மாவைக் காப்பாத்துற மந்திரம் தப்புன்னு சொல்ற ரூல் என்ன ரூல் தாத்தா?" என்றாள். என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

அதே புத்தகங்களில் டார்டா என்று ஒரு சிறுவன் வருகிறான். மந்திர மை, பேனா விற்கும் கடைக்காரரின் வீட்டுப் பையன். அவனுக்கு நிறங்களைப் பிரித்தறிய முடியாது. அதனாலேயே மந்திரவாதியாகும் வழி அவனுக்கு அடைபட்டிருக்கிறது. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். என்னுடன் பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் ஒருவன், என்னைவிட நன்றாக வரைபவன், மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் படத்தில் மறைந்திருந்த எண்ணைப் படிக்க முடியாமல் வெளியே வந்தான். அதுவரை தனக்கு அப்படி ஒரு குறை இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்தப் புள்ளிப் படங்களை உருவாக்கியவரும் ஒரு ஜப்பானியர்தான்: ஷினோபு இஷிஹாரா என்ற கண் மருத்துவர், 1917-இல் வெளியிட்டார். உலகெங்கும் ரயில்வேயில் அவை பயன்படுகின்றன. சிவப்பையும் பச்சையையும் குழப்பிக்கொள்பவரிடம் வண்டியை ஒப்படைக்க முடியாது; அந்த விதி சரியானது. ஆனால் அன்று வராந்தாவில் அவன் சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்மை. நான் அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போய்விட்டேன்.

கோகோ போய் உட்காருகிறாள். விதியை அவளால் மாற்ற முடியவில்லை. அந்தப் பையனுக்கு என்ன முடியும் என்று அவனோடு சேர்ந்து யோசிக்கிறாள். இதைப் பேத்தியிடம் சொன்னேன், நண்பனைப் பற்றியும் சொன்னேன். "அவர் இப்போ எங்க இருக்கார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். விதி பற்றிய எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை. அடுத்த தொகுதி வந்ததும் தொடரும்.

வாங்குமுன்

படங்கள் கருப்பு வெள்ளைதான். ஆனால் பழைய ஐரோப்பியக் கதைப் புத்தகங்களில் உள்ள செதுக்குச் சித்திரங்களைப் போல நுணுக்கமானவை. ஒரு பக்கத்தில் பத்து நிமிடம் நிற்கலாம். கதை ஒரு புத்தகத்தில் முடிவதில்லை. ஆங்கிலத்தில் பத்துக்கு மேல் தொகுதிகள் வந்துவிட்டன. முதலில் ஒரே ஒரு தொகுதி வாங்கிப் பாருங்கள். பிடித்தால் மேலே போகலாம். பிற்பகுதித் தொகுதிகளில் மனத்தைக் கலக்கும் காட்சிகள் சில உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் பெரியவர் ஒருவர் முன்னதாகப் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நாம் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டால் பாதிப் பயன்தான்.

நம்மில் பலர் வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள். வந்த இடத்தில் பிறந்த பேரன் பேத்திகளுக்கும் நமக்கும் இடையில் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி வருத்தப்படுகிறோம். நாம் படித்ததை அவர்கள் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவர்கள் படிப்பதை நாமும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம் அல்லவா?

முதல் மூன்று தொகுதிகளைச் சங்க நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஓரங்களில் பென்சிலால் தமிழ்க் குறிப்புகள் இருக்கும். எழுதியவளின் அனுமதியோடுதான் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அழிக்க வேண்டாம். வலது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.